மூன்று நட்சத்திரம் எங்கே போயிற்று?

ஆன்லைன் கடையில் மிக்ஸி என்று தேடினால் வரும் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் மிக்ஸிக்கும் நாலு நட்சத்திரத்தை ஒட்டி ஒரு மதிப்பு, ஏழாயிரம் ரூபாய் மிக்ஸிக்கும் நாலு நட்சத்திரத்தை ஒட்டி ஒரு மதிப்பு. ஒன்று 4.1 என்றால் மற்றது 4.3. ஒன்றில் தொடங்கி ஐந்தில் முடியும் அளவுகோலில் சரக்கு ஏறக்குறைய அத்தனையும் ஒரு விரற்கடை இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. மூன்று நட்சத்திரம் என்றால் தொடவே கூடாது என்று நாமும் பழகிவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வரும் பொருள்களில் பெரும்பாலானவை எப்படிப்பட்டவை? சட்னி அரைபடுகிறது, சத்தம் கொஞ்சம் அதிகம், கொடுத்த காசுக்கு மோசமில்லை. மிகச் சாதாரணமான இந்த அனுபவத்துக்கு அளவுகோலின் நடுவில்தான் இடம் இருக்க வேண்டும். அந்த நடுப்பகுதி காலியாகக் கிடக்கிறது. எத்தனை நட்சத்திரம் வைக்கலாம், அரை நட்சத்திரம் கொடுக்க விடலாமா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். ஒரு மதிப்பீட்டு முறை நேர்மையானதா என்று தெரிய வேண்டுமானால், அதன் நடுப்படியில் ஆள் நிற்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

இந்தக் காலியிடத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய நிறுவனங்களில் யூடியூப் ஒன்று. 2009 செப்டம்பரில் அது ஒரு வரைபடத்தை வெளியிட்டது. ஐந்து நட்சத்திரத்தின்மேல் ஒரு பெரிய தூண். வெகு தூரம் தள்ளி ஒரு நட்சத்திரத்தின்மேல் சின்னதாக ஒரு மேடு. இரண்டும் மூன்றும் நாலும் ஏறக்குறையத் தரையோடு தரை. பிடித்தவர்கள் ஐந்து போடுகிறார்கள், பிடிக்காதவர்களில் சிலர் ஒன்று போடுகிறார்கள், நடுவில் இருப்பவர்கள் எதுவும் போடுவதில்லை. மறு ஆண்டே யூடியூப் நட்சத்திரங்களை எடுத்துவிட்டுக் கட்டைவிரலைக் கொண்டுவந்தது. நெட்ஃபிளிக்ஸும் 2017இல் அதே வழியில் போனது. மக்கள் மனசு இரண்டே நிறம்தான், அதற்கு ஐந்து படி எதற்கு என்பது இந்த முடிவுகளிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம். பாடம் தவறு. மக்களின் கருத்து இரண்டாகப் பிரிந்து கிடக்கவில்லை. கருத்தைச் சொல்ல முன்வருபவர்கள்தான் இரண்டு ஓரங்களிலிருந்து வருகிறார்கள்.

இதற்கு நல்ல சான்று உண்டு. நான் ஹூ, பால் பாவ்லு, ஜீ ஜாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமேசானில் புத்தகங்கள், டிவிடிகள் போன்றவற்றுக்கு வந்த மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். யூடியூபில் இருந்த அதே வடிவம்: வலது ஓரத்தில் உயரம், இடது ஓரத்தில் சின்ன மேடு, நடுவில் பள்ளம். ஆங்கில ‘ஜே’ எழுத்தைப் போல இருப்பதால் துறையில் அதை ஜே வடிவப் பரவல் என்றே சொல்கிறார்கள். பிறகு ஒரு சோதனை செய்தார்கள். ஓர் இசைத்தட்டை மாணவர்களிடம் கொடுத்து, விரும்பியவர் மட்டும் என்றில்லாமல் எல்லாரும் மதிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். பள்ளம் மறைந்து நடுவில் ஒரே மேடு எழுந்தது. ஒரே இசைத்தட்டு, ஒரே அளவுகோல். கேட்கப்பட்டவர்கள் மட்டும் வேறு. இணையத்தில் நடக்கும் வடிகட்டலை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். பொருள் பிடிக்கும் என்று நினைப்பவர்கள்தான் முதலில் வாங்கவே செய்கிறார்கள்; வாங்கியவர்களிலும் உச்சி குளிர்ந்தவர்களும் வயிறு எரிந்தவர்களும்தான் எழுத உட்காருகிறார்கள். ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932இல் மனப்பாங்கை அளக்க ஐந்து படிகள் கொண்ட முறையை எழுதியபோது, நடுப்படியில் தீர்மானமில்லாதவருக்கு ஓர் இடம் வைத்திருந்தார். அவர் முன்னால் இருந்தது கேள்வித்தாள் கொடுக்கப்பட்ட ஒரு கூட்டம். ஒரே கேள்வியை நம்பாமல் பல கேள்விகளின் கூட்டுத்தொகையையும் அவர் எடுத்தார். இன்றைய ஆன்லைன் கடை ஐந்து படிகளை வைத்துக்கொண்டு, எல்லாரையும் கேட்பதையும் பல கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டது.

சோம்பல் மட்டுமே காரணமாக இருந்தால் நினைவூட்டல் அனுப்பிச் சரிசெய்துவிடலாம். பயமும் தாட்சண்யமும் சேர்ந்துகொள்வதால்தான் சிக்கல். கல்யாணப் பந்தியில் கை கழுவும் இடத்தில் பெண்ணின் அப்பாவே நின்று சாப்பாடு எப்படி என்று கேட்டால், சாம்பாரில் உப்பு தூக்கல் என்று யாராவது சொல்வார்களா? இணையச் சந்தைகள் பல ஆண்டுகள் கேள்வியை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தன. 1996இல் தொடங்கிய ஈபேயின் மதிப்பீட்டு முறையில் வாங்குபவர் விற்பவருக்கும் விற்பவர் வாங்குபவருக்கும் மார்க் போடலாம். நீ எனக்குக் குறை எழுதினால் நான் உனக்கு எழுதுவேன் என்ற மிரட்டல் அதற்குள்ளேயே இருந்தது. 2008இல் விற்பவர் வாங்குபவருக்கு எதிர் மதிப்பு போடுவதை ஈபே நிறுத்தியது. ஏர்பிஎன்பி 2014இல் வேறு வழியைப் பிடித்தது: விருந்தினரும் வீட்டுக்காரரும் இருவருமே எழுதி முடிக்கும்வரை, அல்லது 14 நாள் கெடு கழியும்வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் தாட்சண்யம் முழுதாக விலகவில்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஏர்பிஎன்பி வீடுகளில் ஏறத்தாழ 95 சதவீதத்துக்கு நாலரையோ ஐந்தோ சராசரியாக இருந்தது. டிரிப்அட்வைசரில் ஓட்டல்களின் சராசரி 3.8தான். வீட்டில் தங்கவைத்தவரின் முகம் நினைவிருக்கும்போது கை தானாக ஐந்தில் போய் நிற்கிறது. அமெரிக்காவில் ஊபர் ஓட்டுநரின் சராசரி 4.6க்குக் கீழே இறங்கினால் கணக்கு முடக்கப்படலாம் என்று செய்தி பரவிய பிறகு, நாலு நட்சத்திரம் போடுவதே ஒருவரின் பிழைப்பில் மண் போடுவது போல ஆகிவிட்டது. ‘நன்று’ என்ற படிக்கே தண்டனை கிடைத்தால் நியாயமான மனிதர் பொய் சொல்லத்தான் செய்வார்.

சரி, பேசாமல் இருப்பவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது? கிறிஸ் நாஸ்கோவும் ஸ்டீவன் தடேலிஸும் ஈபேயின் கணக்குகளைக் கொண்டு செய்த ஆய்வில் விற்பவர்களின் சராசரி நேர்மறை மதிப்பு 99 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஏமாற்றமே இல்லாத சந்தை உலகில் கிடையாது என்பதால் இந்த எண்ணுக்குள் ஏதோ ஒளிந்திருக்க வேண்டும். ஒளிந்திருந்தது மௌனம். லேசாக மனம் கசந்தவர்கள் எதிர் மதிப்பு போட்டுச் சண்டையை விலைக்கு வாங்காமல், ஒன்றும் எழுதாமல் நகர்ந்துவிடுகிறார்கள். எனவே அவர்கள் வகுத்தியை மாற்றினார்கள். மதிப்பு போட்டவர்களில் எத்தனை பேர் நல்லது சொன்னார்கள் என்பதற்குப் பதிலாக, வாங்கியவர்கள் அத்தனை பேரிலும் எத்தனை பேர் நல்லது சொன்னார்கள் என்று கணக்கிட்டார்கள். நூறு பேருக்கு விற்று 90 நல்ல சொல்லும் ஒரு வசவும் வாங்கிய கடைக்காரர் பழைய கணக்கில் 99 சதவீதம். நூறு பேருக்கு விற்று 40 நல்ல சொல்லும் 60 மௌனமும் பெற்றவர் 100 சதவீதம். புதிய கணக்கில் முதலாமவர் 90, இரண்டாமவர் 40. யாரிடம் வாங்கலாம் என்று இப்போது சொல்ல முடிகிறது. கடைகளின் கையில் ஏற்கெனவே இருக்கும் விற்பனை எண்ணிக்கையைச் சேர்த்துக்கொண்டதைத் தவிர, வாங்குபவரிடம் கூடுதலாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கேட்கும் விதத்துக்கு வருவோம். ஐந்து நட்சத்திரங்களில் எது எதைக் குறிக்கிறது என்று பெரும்பாலான கடைகள் தெளிவாகச் சொல்வதில்லை. ஒருவருக்கு மூன்று என்றால் ‘குறையில்லை’, இன்னொருவருக்கு மூன்று என்றால் ‘திருப்பி அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்’. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிகில் கார்க், ரமேஷ் ஜோஹரி இருவரும் இணையவழி வேலைச் சந்தை ஒன்றில் இதைச் சோதித்தார்கள். வேலை முடித்துக் கொடுத்தவருக்கு எண்ணால் மதிப்பிடச் சொன்னபோது பெரும்பாலோருக்கு உச்ச மதிப்பே கிடைத்தது. எதிர்பார்த்தபடி இருந்தது, எதிர்பார்த்ததைவிட மேல், நான் அமர்த்தியவர்களிலேயே சிறந்தவர் என்பது போன்ற சொற்களைப் படிகளாக வைத்தபோது உச்சிப்படிக் கூட்டம் வெகுவாகக் கலைந்து, பதில்கள் படிகளெங்கும் பரவின. எல்லாரையும் ‘ஐந்து’ என்று சொல்ல மனசு கூசுவதில்லை. எல்லாரையும் ‘இவர்தான் சிறந்தவர்’ என்று சொல்லக் கூசுகிறது. பொருள்களுக்கும் இதைக் கொண்டுவரலாம். சொன்னபடி இல்லை, குறை உண்டு ஆனால் சமாளிக்கலாம், சொன்னபடி இருக்கிறது, எதிர்பார்த்ததைவிட நன்று, இந்த வகையில் இதுவரை வாங்கியதிலேயே சிறந்தது. நடுப்படியில் நிற்கும் ‘சொன்னபடி இருக்கிறது’ என்பதை ஒரு கடைக்காரர் பெருமையோடு காட்டிக்கொள்ளலாம். வாங்கிய அதே மனிதர் அதே மனநிலையில் போட்ட மூன்று நட்சத்திரம் கடைக்காரருக்குக் களங்கமாகப் படும்.

கேட்கும் நேரமும் முக்கியம். மிக்ஸி வந்து சேர்ந்த மறுநாளே மதிப்பிடுங்கள் என்று ஆப் நச்சரிக்கிறது. அந்த நாளில் வாங்கியவருக்குத் தெரிந்தது அட்டைப்பெட்டி நசுங்கியதா, கூரியர்க்காரர் சரியான நேரத்துக்கு வந்தாரா என்பதுதான். இட்லி மாவுக்கு உளுந்து அரைத்தால் மோட்டார் சூடேறுகிறதா என்று தெரிய ஒரு மாதமாவது ஆகும். இதன் விளைவு எல்லாப் பக்கங்களிலும் காணக் கிடைக்கிறது: டெலிவரி தாமதம் என்று ஒரு நட்சத்திரம், பொருள் நன்று ஆனால் நிறம் மாறி வந்தது என்று ஒரு நட்சத்திரம், இன்னும் பிரிக்கவில்லை என்று எழுதிவிட்டு ஐந்து நட்சத்திரம். அமேசான் போன்ற தளங்கள் விற்பவரைப் பற்றிய கருத்துக்கும் பொருளைப் பற்றிய கருத்துக்கும் தனித்தனி இடம் வைத்திருந்தாலும், வாங்குபவர் கண்ணில் முதலில் படும் நட்சத்திரத்தில்தான் எல்லாக் கோபமும் கொட்டப்படுகிறது. முதல் வாரத்தில் டெலிவரியைப் பற்றியும் இரண்டு மாதம் கழித்துப் பொருளைப் பற்றியும் ஒவ்வொரு கேள்வி கேட்பது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் அல்ல. கேட்கும்போது அதுவரை வந்த சராசரியையும் மறைத்துவிட வேண்டும். லெவ் முச்னிக், சினான் அரால், சீன் டெய்லர் மூவரும் 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட சோதனையில், ஒரு செய்தித் தளத்தின் லட்சத்துக்கு மேற்பட்ட பின்னூட்டங்களில் சிலவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நேர் வாக்கைத் தாங்களே போட்டார்கள். அடுத்துப் பார்த்தவர் நேர் வாக்குப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அவற்றின் மொத்த மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. பொய்யாகப் போட்ட எதிர் வாக்கைக் கூட்டம் திருத்திவிட்டது, பொய்யாகப் போட்ட நேர் வாக்கைத் திருத்தவில்லை. முதல் நாள் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு ஐந்து ஐந்தாகப் போடச் சொல்லும் கடைக்காரர் இந்த ஆய்வைப் படிக்காமலேயே அதன் முடிவைத் தெரிந்துவைத்திருக்கிறார்.

இனி கணக்கு. நூறு பேர் ஒரு மிக்ஸியை மதிப்பிடுகிறார்கள். நூறு பேரும் நாலு போட்டால் சராசரி 4.0. 75 பேர் ஐந்தும் 25 பேர் ஒன்றும் போட்டாலும் சராசரி அதே 4.0. முதல் மிக்ஸி எல்லார் வீட்டிலும் ஓடுகிறது. இரண்டாவது மிக்ஸி நாலில் ஒரு வீட்டில் புகைகிறது. இந்த இரண்டையும் ஒரே எண்ணால் குறிக்கும் அளவுகோல் வாங்குபவருக்குத் துரோகம் செய்கிறது. ஐந்து படிகளிலும் எத்தனை பேர் என்று காட்டும் பட்டை வரைபடத்தைச் சராசரிக்கு அடியில் புதைக்காமல் பட்டியலிலேயே சின்னதாகக் காட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். இன்னொரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை: பெரும்பாலான கடைகளில் பூஜ்யம் கொடுக்க முடியாது, குறைந்தது ஒன்று. எனவே மூன்று என்பது 60 சதவீதம்போலக் கண்ணுக்குத் தெரிந்தாலும் நீளத்தில் சரியாகப் பாதிதான். யாருக்குமே பிடிக்காத பொருளுக்கும் ஒரு நட்சத்திரம் மினுக்கிக்கொண்டிருக்கும்.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது சராசரி இன்னும் மோசமாக ஏமாற்றும். மூன்று பேர் மட்டும் ஐந்து போட்ட பொருள் 5.0 என்று பட்டியலின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. 400 பேர் மதிப்பிட்டு 4.4 பெற்ற பொருள் அதற்குக் கீழே போய்விடுகிறது. இதற்கு மருந்து பழையது. ஒவ்வொரு பொருளும் கடையின் பொதுச் சராசரியை, 4.0 என்று வைத்துக்கொள்வோம், ஏற்கெனவே 20 பேரிடம் பெற்றுவிட்டதாகப் பாவித்துக் கணக்கைத் தொடங்க வேண்டும். அப்போது மூன்று பேரின் பொருள் 4.13 ஆகிறது, 400 பேரின் பொருள் 4.38இல் நிற்கிறது. திரைப்படத் தளமான ஐஎம்டிபி தன் முதல் 250 படங்களின் பட்டியலுக்கு இந்த வகைச் சூத்திரத்தை வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. புதிதாகக் கடை போடுபவருக்கு இது அநியாயம் என்று ஒரு மறுப்பு எழும். தலைகீழ். முதல் வாடிக்கையாளர் ஏதோ கோபத்தில் ஒன்று போட்டுவிட்டால் சாதாரணச் சராசரியில் புதியவர் 1.0 என்ற முத்திரையோடு அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான்; இந்தக் கணக்கில் அவர் 3.86இல் நிற்பார், அடுத்த பத்துப் பேர் முடிவு செய்வார்கள். புதியவரை நடுவில் நிறுத்தி, மேலேயோ கீழேயோ போக நேரம் கொடுக்கும் முறை இது. எடைபோட்ட கணக்கில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது: எந்த எடை என்று வெளியில் சொல்லாவிட்டால் கடை தனக்கு வேண்டியவர்களைத் தூக்கிவிடலாம். அமேசான் 2015 முதல் வெறும் சராசரியை விட்டுவிட்டு, இயந்திரக் கற்றல் போடும் எடைகளைக் கொண்டு நட்சத்திரத்தைக் கணக்கிடுகிறது. எந்த ரிவ்யூவுக்கு எவ்வளவு எடை என்று வாசகரால் சரிபார்க்க முடியாது. எடை போடுவதில் தவறில்லை. தராசு திரைக்குப் பின்னால் இருப்பதுதான் தவறு.

எண்ணை முழுமையாக்கிக் காட்டுவது இன்னொரு அநியாயம். யெல்ப் தளம் உணவகங்களின் சராசரியை அரை நட்சத்திரத்துக்கு முழுமையாக்கிக் காட்டியது. 3.24 வாங்கியவர் மூன்று, 3.25 வாங்கியவர் மூன்றரை. சமையலில் வித்தியாசமே இல்லாத இந்த இரண்டு கடைகளையும் ஒப்பிட்டால் நட்சத்திரத்தின் பலம் மட்டும் தனியாகத் தெரிந்துவிடும் என்று ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா கண்டுகொண்டார். அவர் 2011இல் சொன்ன முடிவு: ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது, அதுவும் தனிக் கடைகளுக்கு மட்டும், பேர் பெற்ற சங்கிலிக் கடைகளுக்கு இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் இதே உத்தியைப் பயன்படுத்திய மைக்கேல் ஆண்டர்சனும் ஜெரமி மக்ரூடரும், அரை நட்சத்திரம் கூடினால் மாலை நேர மேசைகள் முழுதும் பதிவாகிவிடும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளிகள் உயர்வதைக் கண்டார்கள். தசமத்தின் இரண்டாம் இடத்தில் ஒரு புள்ளி வித்தியாசம், ஒரு குடும்பத்தின் கல்லாப்பெட்டியில் இவ்வளவு வித்தியாசம். விளம்பரத்துக்குப் பணம் இல்லாத சின்னக் கடைதான் நட்சத்திரத்தை நம்பி நிற்கிறது. அளவுகோலின் கோணல் முழுதும் அதன் தலையில்தான் விழுகிறது.

இவ்வளவு எதற்கு, கட்டைவிரல் போதாதா என்று கேட்கலாம். கட்டைவிரலுக்கு மாறியதும் சோதனைகளில் மதிப்பீடுகள் 200 சதவீதம் கூடின என்று நெட்ஃபிளிக்ஸ் சொன்னது. நம்புகிறேன். ஆனால் நெட்ஃபிளிக்ஸில் நான் கட்டைவிரலை உயர்த்துவது எனக்கு அடுத்து என்ன படம் காட்டலாம் என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்வதற்கு. அந்தப் படம் அடுத்த வீட்டுக்காரர் காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்ததா என்று சாட்சி சொல்வதற்கு அல்ல. ரசனையைப் பொருத்திப் பார்க்க இரண்டு நிறம் போதும். குக்கரின் காஸ்கெட் ஆறு மாதத்தில் தளர்ந்துவிட்டது, மற்றபடி நன்று என்பதை எந்தக் கட்டைவிரலாலும் சொல்ல முடியாது. நெட்ஃபிளிக்ஸே 2022இல் இரட்டைக் கட்டைவிரலைச் சேர்த்தது. பிடித்தது, மிகவும் பிடித்தது என்ற வித்தியாசம் அதற்கும் வேண்டியிருந்திருக்கிறது. கேள்வி கடினமானால் பதில் குறையும் என்ற பயமும் இங்கே பொருந்தாது. கார்க்கும் ஜோஹரியும் சொற்களை மாற்றினார்கள், வேலையைக் கூட்டவில்லை. விரலால் தொடுவது எண்ணாக இருந்தாலும் சொல்லாக இருந்தாலும் ஒரே தொடுகைதான்.

அதைவிடக் கனமான மறுப்பு ஒன்று: வாங்குபவர்கள் முட்டாள்கள் இல்லை, 4.5 என்றால் நன்று, 4.0 என்றால் சுமார், 3.5 என்றால் ஓடு என்று எல்லாரும் மனசுக்குள் தள்ளுபடி செய்துகொள்கிறார்கள், பிறகென்ன? உண்மைதான், தள்ளுபடி நடக்கிறது. ஆனால் ஐந்து படிகளைக் கொண்டு சொல்ல வேண்டியதை அரைப் படிக்குள் சொல்லும்போது உண்மைக்கும் தற்செயலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. மேலே சொன்ன 75 ஐந்தும் 25 ஒன்றும் பெற்ற மிக்ஸியையே எடுத்துக்கொள்வோம். வேறொரு நூறு பேரைக் கேட்டிருந்தால் அதன் சராசரி ஏறத்தாழ 3.7க்கும் 4.3க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழுந்திருக்கும். ‘ஓடு’வும் ‘நன்று’வும் ஒரே பொருளுக்கு, யார் முதலில் எழுதினார்கள் என்பதைப் பொறுத்து. மேலும் மனிதர்கள் தள்ளுபடி செய்தாலும், பட்டியலை வரிசைப்படுத்தும் நிரலுக்கு அந்த நாசூக்கு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாலு நட்சத்திரத்துக்கு மேல் மட்டும் காட்டு என்று ஒரு வடிகட்டியைத் தட்டினால் 3.9 இல்லாமலே போய்விடுகிறது.

நடுப்படிக்கு மரியாதை உள்ள ஒரு நட்சத்திர முறை நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது, அதுவும் அதே ஆன்லைன் பக்கத்தில். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2006இல் கொண்டுவந்த மின்சாரச் சிக்கன நட்சத்திரம். மூன்று ஸ்டார் ஏசி வாங்குவது எந்த வீட்டிலும் கௌரவக் குறைவு இல்லை. விலை குறைவு, கரண்டு கொஞ்சம் கூடுதல், தினம் எத்தனை மணி நேரம் ஓடும் என்று பார்த்து மூன்றா ஐந்தா என்று குடும்பமே உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு ஸ்டாருக்கும் எவ்வளவு திறன் என்று எழுதி வைத்திருப்பதால் மூன்று என்பது மூன்றாகவே இருக்கிறது. அந்த முறையிலும் உச்சிப்படி காலப்போக்கில் நெரிசலாகும். நெரிசலானால் அளவை இறுக்கிவிடுகிறார்கள். 2022 ஜூலை 1 முதல் அதுவரை ஐந்து ஸ்டாராக இருந்த ஏசி நாலு ஸ்டார் ஆனது. ஐரோப்பாவில் ஏ-க்கு மேல் ஏ பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் என்று ஒட்டிக்கொண்டே போய் அர்த்தமற்றுப் போன எரிசக்திச் சீட்டை 2021 மார்ச்சில் மறுபடி ஏ முதல் ஜி வரை என்று மாற்றி எழுதினார்கள். புதிய அளவுகோல் தொடங்கும் நாளில் ஏ வகுப்பு காலியாக இருக்கும்படி வரையறுக்க வேண்டும் என்றே விதி. கருத்தைச் சொல்லும் நட்சத்திரத்தை ஆய்வகத்தில் அளந்த நட்சத்திரம்போல இறுக்க முடியாது என்பது சரி. ஆனால் பழைய மதிப்பீடுகளின் எடையை ஆண்டுக்கு ஆண்டு குறைக்கலாம்; அதே விலையில் அதே வகைப் பொருள்களில் இது எத்தனையாவது என்று எண்ணுக்குப் பக்கத்தில் காட்டலாம். 4.2 என்பதைவிட ‘இந்த விலை மிக்ஸிகளில் நடுவரிசை’ என்பது அதிகம் சொல்கிறது.

போலி ரிவ்யூக்கள்தான் உண்மையான நோய், அளவுகோலைத் திருத்தி என்ன பயன் என்பவர்களும் உண்டு. இரண்டு நோய்க்கும் வேர் ஒன்று. லூக்காவும் ஜார்ஜியோஸ் ஸெர்வாஸும் செய்த ஆய்வில் யெல்ப் சந்தேகப்பட்டு ஒதுக்கிய ரிவ்யூக்கள் ஏறத்தாழ 16 சதவீதம். பெயர் இன்னும் நிலைபெறாத, போட்டி நெருக்கும் கடைகளே போலியில் இறங்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. 4.2இலிருந்து 4.4க்குப் போவது பட்டியலில் இரண்டு பக்கம் தாண்டுவதற்குச் சமம் என்றால், பத்துப் போலி ஐந்துகளை விலைக்கு வாங்குவது லாபமான முதலீடு. மதிப்புகள் படிகளெங்கும் பரவிக் கிடந்தால், எண்ணிக்கைக்கு எடை போட்டால், மௌனமும் கணக்கில் வந்தால், அதே பத்துப் போலிகள் ஒன்றையும் அசைக்காது. இந்தியாவில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. எழுதியவர் யார் என்று சரிபார்ப்பது, காசு கொடுத்து எழுதவைத்ததை வெளியிடாமல் இருப்பது என்று நல்ல விதிகள் அதில் இருக்கின்றன. பின்பற்றுவது கடைகளின் விருப்பம் என்பது அதன் பலவீனம்.

கடைசியாக, கடைகள் ஏன் இதைச் செய்ய வேண்டும்? எல்லாப் பொருளும் நாலு நட்சத்திரம் என்றால் எல்லாம் விற்கும், கமிஷன் வரும். இந்தக் கணக்குத் தவறு என்று காட்டியவர்களும் நாஸ்கோவும் தடேலிஸும்தான். ஒரு விற்பவரிடம் ஏமாந்தவர் அந்த விற்பவரை மட்டும் விட்டுப் போவதில்லை, ஈபேயையே விட்டுப் போகிறார் என்று அவர்கள் கண்டார்கள். மௌனத்தையும் சேர்த்த அந்த மதிப்பைத் தேடல் வரிசையில் கலந்து சோதித்தபோது வாங்கியவர்கள் திரும்பி வருவது கூடியது. எண் இல்லாமல் எதையும் செய்ய முடியாது என்று கடைகள் கைவிரிக்கவும் முடியாது. எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள், எத்தனை நாளில் அனுப்பினார்கள் என்பது அவற்றின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. 2023இல் அமேசான் அமெரிக்காவில் அதிகம் திருப்பி அனுப்பப்படும் சில பொருள்களின்மேல் அப்படியே ஒரு குறிப்பை ஒட்டத் தொடங்கியது. மோசமான பொருள்களுக்கு மட்டும் ஒட்டும் அந்தக் குறிப்பை எல்லாப் பொருளுக்கும் உரிய எண்ணாக்கி, நூறு பேர் வாங்கியதில் எத்தனை திரும்பி வந்தது என்று நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே போடும்படி ஐ.எஸ். 19000இன் அடுத்த திருத்தத்தில் ஒரு விதி சேர்க்கலாம். விருப்பம் என்பதைக் கட்டாயம் என்று மாற்ற வேண்டிய விதிகளில் அதை முதலாவதாக வைக்கலாம்.